சஃபாரியும் ஒரு சஃபர்தான்



‘சஃபர்’ என்னும் சொல்லை அறியாத முஸ்லிம் இல்லம் இல்லை. சஃபர் தொழுகை, சஃபர் துஆ என்று நம் நாவில் அன்றாடம் புழங்கும் அரபுச் சொல் அது. பயணம் என்பது அதன் பொருள். அந்தச் சொல் அரபு வணிகர்களோடு கடல் கடந்து கிழக்கு ஆப்பிரிக்கக் கரையை அடைந்தது; சுவாஹிலி மொழியில் ‘சஃபாரி’ ஆயிற்று. இன்று உலகம் முழுவதும் வன விலங்குகளைக் காணச் செல்லும் பயணத்துக்கு அதுவே பெயராகிவிட்டது.

பூமியில் பயணம் செய்து இறைவனின் படைப்பாற்றலைக் கண்டு சிந்திக்குமாறு அருள்மறை நமக்கு அறிவுறுத்துகிறது. ஆகவே, யானைக் கூட்டத்தையும் சிங்கத்தையும் அவை வாழும் நிலத்திலேயே பேரப்பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்று ஒரு குடும்பம் ஆசைப்பட்டால் அதில் குறை காண ஒன்றுமில்லை. காஜிமார் தெருவிலும் மகபூப்பாளையத்திலும் நெல்பேட்டையிலும் வளைகுடாவில் உழைக்கும் பிள்ளைகளைப் பெற்ற இல்லங்கள் பல உண்டு. அத்தாவையும் அம்மாவையும் உம்ராவுக்கு அனுப்பிவைத்த பிள்ளைகள், அடுத்த பயணமாகக் கென்யாவையோ தான்சானியாவையோ நினைப்பது இன்று வியப்புக்குரியதன்று.

ஆனால் அந்தப் பயணத்துக்குப் பல இலட்சம் ரூபாய் செலவாகும். அது பாலைவெயிலில் பல்லாண்டுகள் உழைத்துச் சேர்த்த பணம். உடன் செல்வோரில் முதியோரும் குழந்தைகளும் இருப்பர். யாரை நம்பிப் புறப்படுவது என்பதே முதற் கேள்வி.

இக்கேள்விக்கு நம் வீடுகளில் பெரும்பாலும் ஒரே விடைதான் கிடைக்கும்: “அவர் நம்ம ஆள்தான், தெரிந்தவர்தான்.” தாடியும் தொப்பியும் ஸலாமும் போதிய உத்தரவாதம் என்று கருதிவிடுகிறோம். இந்த விடை போதுமா என்பதை அண்ணலாரின் வாழ்வோடு வைத்துப் பார்ப்போம்.

ஹிஜ்ரத்தின் வழிகாட்டி

கி.பி. 622. அண்ணல் நபி (ஸல்) அவர்களும் அபூபக்கர் (ரலி) அவர்களும் மக்காவை விட்டுப் புறப்படுகின்றனர். குறைஷியர் அவர்களைத் தேடுகின்றனர். பிடித்துத் தருவோருக்கு ஒட்டகங்களைப் பரிசாக அறிவிக்கின்றனர். அத்தகைய நேரத்தில் மதீனா வரை வழிகாட்ட அவர்கள் கூலிக்கு அமர்த்திக்கொண்டவர் அப்துல்லாஹ் இப்னு உரைக்கித். அவர் அன்று முஸ்லிமாக இருக்கவில்லை. குறைஷியரின் மார்க்கத்திலேயே இருந்தார். ஆயினும் பாலைவழிகளைக் கரைத்துக் குடித்தவர். சொன்ன சொல் தவறாதவர். இரண்டு ஒட்டகங்களையும் அவரிடம் ஒப்படைத்து, மூன்று இரவுகளுக்குப் பின் தவ்ர் குகையருகே வந்து சேர வேண்டும் என்று நாளும் இடமும் குறித்தனர். அவரும் அவ்வாறே வந்தார். கடலோரமாக, வழக்கமில்லாத பாதையில் அழைத்துச் சென்றார்.

இந்நிகழ்ச்சியில் ஒரு வழிகாட்டிக்குரிய மூன்று இலக்கணங்கள் அடங்கியுள்ளன. ஒன்று, தொழிலில் தேர்ச்சி. இரண்டு, சோதித்தறிந்த நாணயம். மூன்று, நாளும் இடமும் குறித்த தெளிவான உடன்படிக்கை. ‘நம்மவரா’ என்ற வினா அங்கே எழவே இல்லை. உயிருக்கே ஆபத்தான பயணத்தில் அண்ணலார் பார்க்காத ஒன்றை, உல்லாசப் பயணத்தில் நாம் முதலாவதாகப் பார்ப்பது எவ்விதம் பொருந்தும்?

அந்தத் தவறு எவ்வளவு கொடியதாக முடியும் என்பதை 2024-ஆம் ஆண்டு ஹஜ்ஜுக் காலம் உணர்த்திற்று. கடும் வெப்பத்தில் 1,301 பேர் மரணமடைந்தனர் என்றும், அவர்களில் 83 விழுக்காட்டினர் முறையான அனுமதியின்றி வந்தவர்கள் என்றும் சவூதி அரசு அறிவித்தது. அனுமதி பெற்றோருக்குரிய குளிர்ந்த கூடாரங்களும் பேருந்துகளும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. அதன்பின் எகிப்து அரசு 16 பயண நிறுவனங்களின் உரிமங்களைப் பறித்தது. புனிதப் பயணத்தின் பெயராலேயே இவ்வளவு நிகழ முடியுமானால், பிற பயணங்களில் எவ்வளவு விழிப்பு வேண்டும்!

நம் மலையடிவாரத்தில் நடந்தது

வெகுதூரம் போக வேண்டாம். மதுரைக்கு மேற்கே, தேனி மாவட்டம் குரங்கணி மலையில், 2018 மார்ச் 11 அன்று காட்டுத் தீயில் மலையேற்றக் குழுவினர் சிக்கினர். இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்; அவர்களுள் இளம்பெண்கள் பலர். தீக்காயமுற்றோரை மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்குக் கொண்டுவந்தபோது நகரமே கலங்கியது. முறையான அனுமதியில்லாத வழியில் அவர்கள் அழைத்துச் செல்லப்பட்டிருந்தனர் என்பது பின்னர் வெளிவந்தது. பணம் கட்டிச் சென்றவர்களில் எத்தனை பேர், “வனத்துறையின் அனுமதிச் சீட்டைக் காட்டுங்கள்” என்று கேட்டிருப்பார்கள்? கேட்க வேண்டும் என்பதே பலருக்குத் தெரிந்திராது. அதன் பிறகுதான் மலையேற்றத்துக்கெனத் தமிழக அரசு தனி விதிகளை வகுத்தது.

காட்டுக்குள் அழைத்துச் செல்பவரிடம் அனுமதிச் சீட்டைக் கேட்பது அவமரியாதை ஆகாது. குரங்கணி நமக்குச் சொல்லும் பாடம் இதுவே.

முதல் இலக்கணம்: தேர்ச்சி

மதுரையில் நீங்கள் பணம் கட்டும் முகவர், ஆப்பிரிக்கக் காட்டில் உங்கள் வண்டியை ஓட்டப் போவதில்லை. பெரும்பாலும் அவர் சென்னையிலோ மும்பையிலோ உள்ள பெரிய நிறுவனத்திடம் உங்களை ஒப்படைப்பார். அந்நிறுவனம் நைரோபியிலோ அரூஷாவிலோ உள்ள உள்ளூர் நிறுவனத்திடம் ஒப்படைக்கும். மூன்று கை மாறும் அமானிதம் இது. ஆகவே முதற் கேள்வி: “அங்கே எங்களை ஏற்றுக்கொள்ளும் நிறுவனத்தின் பெயர் என்ன?” இதற்கு விடை சொல்லத் தயங்குபவரிடம் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை.

பெயர் கிடைத்ததும் உரிமத்தைக் கேளுங்கள். கென்யாவில் சுற்றுலா நிறுவனங்களுக்கு அந்நாட்டின் சுற்றுலா ஒழுங்குமுறை ஆணையம் உரிமம் வழங்குகிறது. ‘காட்டோ’ எனப்படும் கென்யா சுற்றுலா நடத்துநர் சங்கம் 1978 முதல் இயங்குகிறது. தான்சானியாவில் ‘டாட்டோ’ என்னும் சங்கம் 1983 முதல் உள்ளது. அச்சங்கங்களின் உறுப்பினர் பட்டியலைப் பார்த்தோ, நேரில் எழுதிக் கேட்டோ உறுதி செய்துகொள்ளலாம். வழிகாட்டியின் தகுதியையும் கேட்கலாம். கென்யாவின் தொழில்முறை வழிகாட்டிகள் சங்கம் தேர்வு நடத்தி வெண்கலம், வெள்ளி, தங்கம் என மூன்று நிலைகளில் சான்று தருகிறது.

முகவரின் அறிவைச் சோதிக்க மூன்று எளிய கேள்விகள் உண்டு.

ஒன்று: “ஏப்ரல், மே கோடை விடுமுறையில் போகலாமா?” நம் பள்ளி விடுமுறைக் காலம் கென்யாவில் நெடுமழைக் காலம், மார்ச் முதல் மே வரை நீடிப்பது. கட்டணம் குறைவு, ஆனால் பாதைகள் சேறாகும், புல் உயர்ந்து விலங்குகள் மறையும். இதனை அவராகவே எடுத்துச் சொன்னால் நல்லவர். “எப்போது போனாலும் ஒன்றுதான்” என்றால் அவருக்குத் தெரியவில்லை, அல்லது மறைக்கிறார்.

இரண்டு: “காட்டெருமை மான் கூட்டம் ஆற்றைக் கடப்பதைக் கட்டாயம் பார்க்கலாமா?” ‘வில்டபீஸ்ட்’ எனப்படும் அவ்விலங்குகள் பத்து இலட்சத்துக்கும் மேல் திரண்டு, தான்சானியாவின் செரங்கெட்டிக்கும் கென்யாவின் மசாய் மாராவுக்கும் இடையே ஆண்டுதோறும் இடம்பெயர்கின்றன. ஏறத்தாழ ஜூலை முதல் அக்டோபர் வரை மாராப் பக்கம் இருக்கும். ஆனால் அவை மழையையும் புல்லையும் தேடி நடப்பவை; நம் நாட்காட்டியைப் பார்த்து நடப்பவை அல்ல. ‘இன்ஷா அல்லாஹ்’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் ‘கேரண்டி’ என்று சொல்பவர் எச்சரிக்கைக்குரியவர்.

மூன்று: “மஞ்சள் காய்ச்சல் ஊசி எங்கே போடுவது?” கென்யா போன்ற நாடுகளுக்குச் சென்று திரும்பும் இந்தியருக்கு இத்தடுப்பூசிச் சான்று இன்றியமையாதது. பயணத்துக்குப் பத்து நாட்களுக்கு முன்பாவது போட்டுக்கொள்ள வேண்டும். சான்றின்றித் திரும்பினால் ஆறு நாட்கள் வரை தனிமைப்படுத்தப்படலாம். சென்னை கிண்டியிலுள்ள கிங் நிறுவனம் போன்ற, அரசின் அங்கீகாரம் பெற்ற மையங்களில் மட்டுமே இந்த ஊசியும் சான்றும் முறையாகக் கிடைக்கும். ஒருமுறை போட்டால் ஆயுள் முழுவதும் செல்லும் என்னும் உலக சுகாதார நிறுவனத்தின் திருத்தப்பட்ட விதி 2016-இல் நடைமுறைக்கு வந்தது. அறுபதைக் கடந்தவர்கள், கருவுற்றவர்கள், ஒன்பது மாதத்துக்குட்பட்ட குழந்தைகள் ஆகியோர் விஷயத்தில் மருத்துவரின் ஆலோசனையின்றி முடிவெடுக்கலாகாது. “ஊசி வேண்டாம், சான்று மட்டும் நான் வாங்கித் தருகிறேன்” என்று ஒருவர் சொன்னால், அந்தக் கணமே எழுந்து வந்துவிடுங்கள். அரசையும் உங்கள் உடல்நலத்தையும் ஏமாற்றத் துணிந்தவர், உங்கள் பணத்தில் மட்டும் நேர்மை காப்பாரா?

இரண்டாம் இலக்கணம்: நாணயம்

விலையைக் கேட்டு மயங்காமல், கூட்டிப் பாருங்கள். 2024-இல் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி, மசாய் மாராவுக்குள் நுழைய வெளிநாட்டவர் ஒருவருக்கு ஜூலை முதல் டிசம்பர் வரை நாளொன்றுக்கு 200 டாலர். ஜனவரி முதல் ஜூன் வரை 100 டாலர். ஒரு சீட்டு காலை ஆறு மணி முதல் மாலை ஆறு மணி வரைதான் செல்லும். நான்கு பெரியவர்கள் ஆகஸ்டில் இரண்டு நாள் சுற்றினால் நுழைவுக்கு மட்டுமே 1,600 டாலர் ஆகிவிடும். அதன்மேல் தங்குமிடம், வண்டி, உணவு, விமானம். இவ்வளவையும் சேர்த்து ஒருவர் மிகக் குறைந்த தொகை சொன்னால், ஏதோ ஒன்று விடுபட்டிருக்கிறது. நுழைவுக் கட்டணத்தை அங்கே வாயிலில் நம் தலையில் கட்டுவார். அல்லது முகாம் காப்பகத்துக்கு வெகு தொலைவில் இருக்கும். பணம் கட்டும் முன்பே அந்நாளைய கட்டணத்தைக் கேட்டறிந்து, எது அடக்கம், எது புறம் என்று பிரித்து எழுதி வாங்குங்கள்.

கென்யா 2024 ஜனவரி முதல் விசாவுக்குப் பதிலாக மின்னணுப் பயண அனுமதி முறையைக் கொண்டுவந்தது. இதற்கென அரசின் இணையதளம் உண்டு. அதே தோற்றத்தில் போலித் தளங்களும் உண்டு. அரசுக் கட்டணம் எவ்வளவு, முகவரின் கூலி எவ்வளவு என்பதைத் தனித்தனியே காட்டச் சொல்லுங்கள். கூலி பெறுவது குற்றமன்று. அதை மறைப்பதே குற்றம்.

நாணயத்துக்கு இன்னொரு உரைகல், வரி. இந்தியாவில் வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்பு விற்கும் நிறுவனம், 2020 அக்டோபர் முதல், பயணியிடமிருந்து ‘டி.சி.எஸ்.’ என்னும் வருமான வரியை வசூலித்து அரசுக்குக் கட்ட வேண்டும் என்பது சட்டம். அது உங்கள் பான் எண்ணில் வரவாகும். கணக்குத் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளவோ திரும்பப் பெறவோ இயலும். “டி.சி.எஸ். எல்லாம் எதற்கு, ரொக்கமாகக் கொடுங்கள், மிச்சப்படுத்தித் தருகிறேன்” என்பவர் நமக்கு உதவவில்லை, தம் பெயரில் எந்தத் தடயமும் இல்லாமல் பார்த்துக்கொள்கிறார். ஜி.எஸ்.டி. எண்ணுடன் கூடிய ரசீது, நிறுவனத்தின் பெயரிலுள்ள வங்கிக் கணக்கு – இவ்விரண்டும் இல்லாத இடத்தில் ஒரு ரூபாயும் கட்டலாகாது.

மூன்றாம் இலக்கணம்: எழுத்து

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் தொழுகையைப் பற்றியதோ நோன்பைப் பற்றியதோ அன்று. தவணை குறித்த கொடுக்கல் வாங்கலைச் சாட்சிகளோடு எழுதி வைப்பதைப் பற்றியது. அல்பகரா அத்தியாயத்தின் 282-ஆம் வசனம் அது. தொகை சிறிதாயினும் பெரிதாயினும் எழுதச் சோர்வடையலாகாது என்பதும் அங்கே வற்புறுத்தப்படுகிறது. இவ்வளவு தெளிவான கட்டளை இருந்தும், “நமக்குள் என்ன எழுத்து?” என்று சொல்லிப் பழகிவிட்டோம். எழுதுவது நம்பிக்கையின்மையின் அடையாளமன்று. நாளை நட்பு முறியாமல் காக்கும் வேலி.

அந்தத் தாளில் இருக்க வேண்டியவை: ஒவ்வொரு இரவும் தங்கும் முகாமின் பெயர், அது காப்பகத்தின் உள்ளேயா, வெளியேயா, வாயிலுக்கு எவ்வளவு தூரம், வண்டி நமக்கே உரியதா, பிறரோடு பகிர்வதா, அனைவருக்கும் சாளர இருக்கை உண்டா, நைரோபியிலிருந்து மாராவுக்குச் சாலைப் பயணமா, சிறு விமானமா, பயணத்தை ரத்து செய்தால் எத்தனை நாளுக்குமுன் எவ்வளவு திரும்பக் கிடைக்கும், நோயோ விபத்தோ நேர்ந்தால் நைரோபிக்குக் கொண்டுசெல்ல விமான ஏற்பாடு காப்பீட்டில் அடக்கமா. நைரோபிச் சாலை ஐந்தாறு மணி நேரம் பிடிக்கும். முழங்கால் வலியுள்ள மூதாட்டிக்கு அது எளிதன்று. சிறு விமானத்தில் பெரும்பாலும் பதினைந்து கிலோ மென்பைதான் அனுமதி. இவற்றை முன்கூட்டியே சொல்பவரே பொறுப்பானவர்.

முன்பணம் கட்டிய பின், முகாமின் முன்பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, அந்த முகாமுக்கே நேரடியாக எழுதி உறுதி செய்துகொள்ளுங்கள். ஒரு கடிதம்தான் வேண்டும். போலிப் பதிவுகள் பெரும்பாலும் இந்த ஒரு சோதனையில் வெளிப்பட்டுவிடும்.

எழுத்து இருந்தால் சட்டமும் துணை நிற்கும். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நிறுவனம் சென்னையிலோ டெல்லியிலோ இருந்தாலும், மதுரையில் வசிப்பவர் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே முறையிடலாம். ஆனால் விலை மலிவு என்று கருதி நைரோபியிலுள்ள ஒருவரின் கணக்குக்கு நேரே பணம் அனுப்பிவிட்டால், இங்கு பெறும் தீர்ப்பை அங்கே நிறைவேற்றுவது பெரும்பாடு. மலிவுக்கும் பாதுகாப்புக்கும் உள்ள இந்த வேறுபாட்டை எண்ணிப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

தொழுகையும் உணவும்

நம் குடும்பங்களுக்கே உரிய இரண்டு கேள்விகள் எஞ்சுகின்றன.

காப்பகத்துக்குள் குறிப்பிட்ட இடங்களைத் தவிர வேறெங்கும் வண்டியை விட்டு இறங்கலாகாது. அது விதி மட்டுமன்று, உயிர்ப் பிரச்சினை. ஆகவே லுஹரையும் அஸரையும் எங்கே, எப்போது தொழுவது என்பதைப் புறப்படும் முன்பே வழிகாட்டியுடன் பேசிவைக்க வேண்டும். ஷாஃபி மத்ஹபினர் பயணத்தில் இரண்டையும் சேர்த்துத் தொழலாம். ஹனஃபி மத்ஹபினர் அந்தந்த நேரத்துக்குள் தொழ வேண்டியிருப்பதால் அவர்களுக்கு இத்திட்டம் இன்னும் அவசியம். நிலநடுக்கோட்டுக்கு அருகாமை ஆதலால் அங்கே பகலும் இரவும் ஆண்டு முழுவதும் ஏறத்தாழச் சமம். கிப்லா நம் ஊரில் போல் மேற்கே இராது. வடக்கே, சற்றே கிழக்கு சாய்ந்து இருக்கும். பிள்ளைகளுக்கு இதுவே ஒரு நல்ல பூகோளப் பாடம்.

கென்யாவின் மக்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவர் முஸ்லிம். நைரோபியின் நடுவே ஜாமியா பள்ளிவாசல் கம்பீரமாக நிற்கிறது. நகரில் ஹலால் உணவுக்குக் குறைவில்லை. காட்டு முகாமின் நிலை வேறு. “இறைச்சி எங்கிருந்து வாங்குகிறீர்கள்? அறுத்தவர் யார்?” என்று எழுத்து மூலம் விடை பெறுங்கள். “எல்லாம் ஹலால்தான்” என்ற வாய்ச்சொல்லை விட, “உறுதியாகச் சொல்ல இயலாது, உங்களுக்குக் காய்கறி உணவு தனியே சமைத்துத் தருகிறோம்” என்று ஒப்புக்கொள்ளும் முகாம் மேலானது. அந்த நேர்மை மற்றவற்றிலும் இருக்கும்.

இறுதியாக, வாய் பேசாப் பிராணிகளின் உரிமை. சிங்கத்தையோ சிறுத்தையையோ ஐந்துக்கு மேற்பட்ட வண்டிகள் சூழலாகாது, இருபத்தைந்து மீட்டராவது விலகி நிற்க வேண்டும் என்பது மாராவின் ஒழுங்கு. “இன்னும் கிட்டே போங்கள், தனியாகக் கவனிக்கிறேன்” என்று பணம் காட்டி ஓட்டுநரை விதி மீறச் செய்பவர் பயணிகளில்தான் பெரும்பாலோர். நல்ல நிறுவனத்தின் ஓட்டுநர் மறுப்பார். அவர் மறுக்கும்போது கோபப்படாமல், சரியான நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்தோம் என்று மகிழுங்கள். பூனையைக் கட்டிப்போட்டு வாட்டியதற்காகத் தண்டனையும், தாகித்த நாய்க்கு நீர் புகட்டியதற்காக மன்னிப்பும் உண்டென்று நமக்குக் கற்பித்த மார்க்கம் இது.

குடும்பத்தாருடன் மஷூரா செய்யுங்கள், இஸ்திகாரா தொழுங்கள். அவற்றோடு உரிமத்தையும் ரசீதையும் உடன்படிக்கையையும் சரிபாருங்கள். சரிபார்க்கும் வேலையை நம் மீது விட்டுவிட்டுத்தான் இறைவன் தவக்குலைக் கேட்கிறான். அடுத்த முறை ஒருவர் “நான் நம்ம ஆள்தான், நம்புங்கள்” என்று சொன்னால், புன்னகையோடு பதில் ஸலாம் சொல்லிவிட்டு, “மிக்க மகிழ்ச்சி, தாளைக் காட்டுங்கள்” என்று கேளுங்கள். உண்மையில் நம்மவராக இருந்தால் அவர் முகம் சுளிக்க மாட்டார்.

உங்கள் சஃபர் நலமாக அமைந்து, சென்றவர் அனைவரும் நலமாக வீடு திரும்ப வல்ல நாயன் அருள் புரிவானாக! ஆமீன்.